பத்தொன்பது சுற்று

அத்தியாயம் 14

கிரேன்காரர் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து ஊறவைத்து விழுங்கினார்.

பல் இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்திரண்டில் முப்பது இன்னும் சொந்தப் பல். அப்படிப்பட்ட மனிதர் மொறுமொறு ரொட்டியைக் குழந்தைச் சோறு மாதிரி ஆக்கிக்கொண்டிருந்ததை எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை அது.

"ஒன்பது மணிக்கு பல் டாக்டர். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"லாடத்தை எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?"

"எடுத்து வெச்சாச்சு."

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மனிதர் டவர் கிரேன் ஓட்டுபவர். தரையிலிருந்து எண்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு வருடம் உட்கார்ந்தவர். நான்கு மாதத்துக்கு முன் கட்டட அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் கிரேன் ஓட்டுநருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பகலில் தூங்கி விழுகிறார். அவரை மேலே அனுப்பாதீர்கள்.' அன்றே அவரைக் கீழே இறக்கி, வாசலில் வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்துவிட்டார்கள்.

சோதித்துப் பார்த்ததில் கடிதம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. மணிக்கு முப்பத்தொரு முறை மூச்சு தடைப்பட்டது. முதலில் முகமூடி மெஷின் கொடுத்தார்கள். ஆறு வாரம் முயன்றார். தூக்கத்திலேயே அதைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். கடைசியில் தூக்க டாக்டர் அவரை ஒரு பல் டாக்டரிடம் அனுப்பினார். "கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால பிடிச்சு வெச்சா, தொண்டைல வழி திறந்திருக்கும்" என்று சொல்லி, பல் டாக்டரம்மா அச்செடுத்து, மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்றாக மாட்டும் கருவி செய்து கொடுத்தார். பார்ப்பதற்குக் குதிரை லாடம் மாதிரி இருந்ததால் வீட்டில் அதற்கு லாடம் என்றே பெயர் வந்துவிட்டது.

கடிதம் எழுதியது யார்? கிரேன்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பதினொரு வருடம் தரையில் நின்று தனக்குக் கைகாட்டிய சிக்னல்காரர்தான். அவரைவிட நெருங்கிய நண்பர் வேறு யாரும் கிடையாது. அதனால்தான் கோபமும் அவ்வளவு. தினமும் காலையில் சிக்னல்காரர் வாசலுக்கு வருவார். இவர் தலை நிமிராமல் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி உள்ளே அனுப்புவார். நான்கு மாதமாக இதே கதை.

எழுதியது யார் என்று போன வாரம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாளே, அவள்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி டாக்டர் முடிவு சொல்வார். மறுபடி மேலேயா, இல்லை ஓய்வு பெறும்வரை வாசலிலேயா என்று.

---

பல் டாக்டரம்மாவின் அறை ஒரு செருப்புக்கடைக்கு மேல் இருந்தது. படியேறும்போதே புதுத்தோல் வாசனை அடித்தது. மாடிப்படியின் திருப்பத்தில் காலி செருப்புப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"உட்காருங்க சார். முதல்ல நல்ல சேதி சொல்லிடறேன்." டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "முந்தாநாள் லாடத்தோட தூங்கி டெஸ்ட் எடுத்தீங்க இல்ல? ரிப்போர்ட் வந்திருக்கு. முப்பத்தொண்ணு இருந்தது. இப்ப எவ்வளவு, சொல்லுங்க பார்ப்போம்?"

"இருபது?" என்றார் கிரேன்காரர் பயந்துகொண்டே.

"அஞ்சு."

அவர் மனைவி நீச்சல் டீச்சர். இருபத்தைந்து மீட்டர் குளத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் இருக்கும் பிள்ளைக்குக் காலை எப்படி உதைக்க வேண்டும் என்று சொல்லும் தொண்டை அது. அந்தத் தொண்டையால் அவள் போட்ட "ஐயோ!" கீழே செருப்புக்கடை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். "மேல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று யாரோ படியில் நின்று விசாரித்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கிரேன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டார். பல் டாக்டரிடம் அழுவதற்கு அது ஒரு வசதி.

டாக்டரம்மா காது ஓரத்தில் தாடை மூட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். கிரேன்காரர் முகத்தைச் சுளித்தார்.

"வலிக்குதா?"

வாய் திறந்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை. ஒரு கையை அசையாமல் பிடித்து, மறுகையை அதன் கீழே மெல்ல ஆட்டினார்.

"இது என்ன சார், பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறீங்களா?"

"கிரேன் பாஷை டாக்டர். எனக்கும் இதெல்லாம் புரியாது" என்றாள் மனைவி. "வலிச்சா சொல்லுங்களேன், வாய்தான் இருக்கே."

"வாயைத்தானே நான் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று டாக்டரம்மா கையை எடுத்தார்.

"'மெல்ல'ன்னு அர்த்தம்" என்றார் கிரேன்காரர். "கொஞ்சமாத்தான் வலிக்குது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வாரமா... பத்து நாளா."

"காலையில எழுந்ததும் கடைவாய்ப் பல்லு சேருதா?"

கிரேன்காரர் கூரையைப் பார்த்தார். மனைவிக்கு ஊறவைத்த ரொட்டி நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா லாடத்தைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். இருபுறமும் பொடித் திருகு ஒன்று உண்டு. குண்டூசி மாதிரி ஒரு சாவியால் அதை ஒரு சுற்று திருகினால் கீழ்த்தாடை ஒரு மயிரிழை முன்னால் வரும். மூன்று நாளைக்கு ஒரு சுற்று என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எத்தனை சுற்று திருகினீங்க?"

"ஏழு. மூணு வாரம், மூணு நாளைக்கு ஒண்ணு. கணக்குத் தப்பாது டாக்டர். எங்க தொழில்ல அரை அடி தப்பினா ஆள் போயிடும்."

"இதுல பத்தொன்பது இருக்கே சார்."

"பத்தொன்பதா? இருக்கவே முடியாது."

நீச்சல் டீச்சர் தொண்டையைக் கனைத்தாள்.

"அது வந்து... நானும் திருகினேன்."

கிரேன்காரர் நாற்காலியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "நீயா? எதுக்கு?"

"கண்ணாடி போட்டுக்கவே மாட்டேங்கறீங்க. அந்தச் சாவி ஓட்டை உங்களுக்கு எங்க தெரியப்போகுது? திருகின மாதிரி பாவனை பண்ணிட்டு வெச்சுடறீங்கன்னு நினைச்சேன். காலையில கழுவி வைக்கிறப்ப, மூணு நாளைக்கு ஒருதரம் நான் சரியா..."

"ஏழும் ஏழும் பதினாலு" என்றார் டாக்டரம்மா. "மீதி அஞ்சு?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் போட்டார்கள். மகள் மருந்துக்கடையில் மருந்தாளர். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லாடமா? ஆமாம்மா, நான் திருகினேனே. அப்பா மறந்துடுவாரு. நீ பயந்துக்கிட்டு தொட மாட்டே. அதான் நானே பொறுப்பா... அஞ்சு தடவை. ரெண்டு தடவை எனக்கு டூட்டி மாறிடுச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"நாங்களும் திருகினோம்டி. ஆளுக்கு ஏழு."

"ஐயய்யோ. கடையில வர்றவங்களுக்கெல்லாம் 'மருந்தை ரெண்டு வேளை சேர்த்துச் சாப்பிடாதீங்க'ன்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சொல்றவ நானு. வீட்டுல மூணு வேளையா?" என்றாள்.

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். அடக்கப் பார்த்து முடியாமல் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் டீச்சர். அப்புறம் தாடையைப் பிடித்துக்கொண்டே கிரேன்காரர். போனில் மகளும் சிரித்தாள். இருமல் மருந்து கேட்டவரும் சிரித்ததாகக் கேள்வி.

"அப்ப அந்த அஞ்சுங்கிற ரிப்போர்ட்டு?" என்று கேட்டபோது கிரேன்காரரின் குரல் இறங்கியிருந்தது.

"அது நிஜம்தான். ஆனா பத்தொன்பது சுற்றுல கிடைச்சது. இவ்வளவு முன்னால வெச்சா மூட்டு தாங்காது. ஆறு சுற்று பின்னால கொண்டு வர்றேன். எண் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் இருக்கலாம். இன்னிக்கும் நாளைக்கும் மறுபடி வீட்டுல டெஸ்ட் எடுங்க. தூக்க டாக்டர்கிட்ட நானே பேசறேன். திங்கட்கிழமைக்கு முன்னால ரிப்போர்ட் வந்துடும்." அவர் சாவியைச் செருகி எண்ணி எண்ணிப் பின்னால் திருகினார். "வலியை ஏன் சார் சொல்லலை?"

"சொன்னா லாடத்தைப் பிடுங்கிக்குவீங்கன்னு பயந்தேன். இது போனா எனக்கு வேற எதுவும் இல்லை டாக்டர்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. லாடத்தை அவரிடம் கொடுத்து மாட்டிப் பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் சரிபார்த்து, பெட்டியில் வைத்தார்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறந்து சொல்லிக்க மாட்டீங்களா? இனிமே இந்தச் சாவி ஒரே ஆள்கிட்ட இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் திருகவே கூடாது. யாருகிட்ட குடுக்கட்டும்?"

"அவகிட்டயே குடுங்க" என்றார் கிரேன்காரர் ஒரு கணம்கூட யோசிக்காமல். "என் மூச்சையே அவ கையில குடுத்துட்டுத்தான் தூங்கறேன். சாவி என்ன பெரிசு."

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டாள். குண்டூசி அளவுச் சாவி கையில் கனத்தது.

---

படியிறங்கும்போது, செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னங்க."

"என்ன?"

"அந்தக் கடுதாசி. சிக்னல் அண்ணன் எழுதலை. நான்தான் எழுதினேன்."

அவர் இரண்டு படி கீழே இருந்தார். திரும்பிப் பார்த்தார். சிரிப்பின் மிச்சம் இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதை அவள் பார்த்தாள்.

"எந்தக் கடுதாசி?" என்றார், தெரிந்துகொண்டே.

"நான் பக்கத்துல படுத்து எண்ணுவேன். ஒரு தடவை மூச்சு நின்னா எத்தனை செகண்டுன்னு. இருபது, இருபத்தஞ்சு. அன்னிக்கு நாப்பத்திரண்டு. உலுக்கி எழுப்பினேன், 'நல்லாத்தான் தூங்கறேன், விடு'ன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னு ஒரு வருஷமா கெஞ்சினேன். சாப்பாட்டுத் தட்டுமேல தூங்கி விழுந்தீங்க. மறுநாள் காலையில எண்பது மீட்டருக்கு மேல ஏறிப் போனீங்க."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"குளத்துல ஒரு பிள்ளை தண்ணிக்குள்ள போய்ப் பதினஞ்சு செகண்டுல மேல வரலைன்னா நான் துணியோட குதிச்சுடுவேன். உங்களுக்கு எங்கே போய் குதிக்கிறது? அந்தக் கடுதாசியிலதான் குதிச்சேன்."

குளத்தின் மறுகோடிவரை எட்டும் குரல், இரண்டு படி தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிட்டது.

கிரேன்காரர் படியிலேயே உட்கார்ந்தார். கோபம் வந்தது. யார்மீது என்று தேடினால் திரும்பத் திரும்பத் தன்மீதே வந்து நின்றது.

"நாலு மாசம். நாலு மாசம் அவன் மூஞ்சியை நான் பாக்கலை. 'குட் மார்னிங்'ன்னு சொல்லிக்கிட்டே வருவான். பேரை எழுதி உள்ள அனுப்புவேன். அவன் என்ன நினைச்சிருப்பான்?"

"அண்ணனுக்குத் தெரியும்."

"என்னது?"

"முதல் வாரமே போய்ச் சொல்லிட்டேன். 'உங்களைச் சந்தேகப்படறாரு, நான் உண்மையைச் சொல்லிடறேன்'ன்னேன். 'இப்ப சொல்லாதேம்மா. அவன் வைத்தியம் பண்ணிக்கற வரைக்கும் கோபம் என்மேலயே இருக்கட்டும். உன்மேல கோபப்பட்டா வீம்புக்கு மருந்தைத் தொட மாட்டான்'னுட்டார்."

கிரேன்காரர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பெட்டி எடுக்க வந்த செருப்புக்கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எடுக்காமலே போய்விட்டார்.

பிறகு அவர் விருட்டென்று எழுந்து இறங்கிப் போனார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கட்டடம் இருக்கும் பக்கம் நடந்தார். டீச்சர் பத்தடி பின்னால் நடந்தாள். கூப்பிடப் பயமாக இருந்தது. கூடப் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

---

மூன்று தெரு தாண்டினால் கட்டடம். தேநீர் வேளை. கிரேன் கை நீட்டியபடி சும்மா நின்றது. மேலே கண்ணாடிப் பெட்டியில் இப்போது யாரோ ஒரு புது ஆள்.

சிக்னல்காரர் முற்றத்தின் நடுவில், கம்பிக் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில், கையில் காகிதக் கோப்பை. கிரேன்காரர் வாசலில் போட்டிருந்த வெள்ளைக்கோட்டில் போய் நின்றார். தினமும் அவரே உட்கார்ந்து பெயர் எழுதும் இடம்தான். இன்று கால் அதைத் தாண்ட மறுத்தது.

சிக்னல்காரர் பார்த்துவிட்டார். கோப்பை உதட்டருகே அப்படியே நின்றது.

டீச்சர் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. கணவர் அசையவில்லை. நண்பரும் அசையவில்லை. ஏழு. எட்டு. வேலைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பத்து.

பதினொன்றில் சிக்னல்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். வலது கையை உயர்த்தினார்.

முன்னால் வா, என்றது கை.

கிரேன்காரர் கோட்டைத் தாண்டினார்.

இடது பக்கம், என்றது கை. கம்பிக் கட்டைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்தார். இன்னும் இடது. நேராக. ஒரு கை அசையாமல் நிற்க, மறுகை அதன் கீழே ஆடியது. மெல்ல. டீச்சருக்கு இந்த ஒன்று மட்டும் காலையில் படித்த பாடம். கணவர் அடியடியாக நடந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தபோது கை நீண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, குறுக்கே வீசியது. நிறுத்து.

நின்றார்.

சிக்னல்காரர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டிரம்மைக் காட்டி, விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினார். இறக்கு.

கிரேன்காரர் அதில் உட்கார்ந்தார். முற்றம் முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. ஒரு டன் இரும்பை இறக்கினால்கூட அங்கே யாரும் கைதட்டுவதில்லை.

"மன்னிச்சுக்கடா" என்றார். நான்கு மாதத்தில் முதல் வார்த்தை.

"இத்தனை வருஷத்துல நான் இறக்கின சரக்குலயே ரொம்ப அடம்பிடிச்ச சரக்கு நீதான்" என்றார் சிக்னல்காரர். அவர் குரலும் சரியாக இல்லை. "மூச்சு எப்படி இருக்கு?"

"முப்பத்தொண்ணு அஞ்சாயிடுச்சு. ஆனா குடும்பமா சேர்ந்து தாடையைக் கழட்டப் பாத்தோம். திருகைப் பின்னால கொண்டுவந்திருக்காங்க. திங்கட்கிழமைதான் தெரியும்."

வாசலில் டீச்சர் இன்னும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் நின்றாள். கிரேன்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். கையை உயர்த்தினார். முன்னால் வா. இடது பக்கம். மெல்ல.

அவள் வந்தாள். அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை. பக்கத்தில் வந்து, தோளில் தோள் இடிக்கும்வரை வந்தாள்.

"குதிச்சது சரிதான்" என்றார் அவர், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "கரையேறினதும் சொல்லியிருக்கணும்."

"தப்புதான்."

"சாவி இருக்கா?"

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். படியிலிருந்து இங்கே வரும்வரை இறுகப் பிடித்திருந்ததில் சாவி தோலில் பதிந்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. அவர் அந்தக் கையை மூடி, மூடிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். சந்தோஷத்தில் அழுவதை மறைக்க அவளுக்குப் பல் டாக்டர் நாற்காலி தேவைப்படவில்லை.

"திங்கட்கிழமை ரிப்போர்ட் நல்லா வந்துட்டா, பத்தரைக்கெல்லாம் நான் மேல இருப்பேன்" என்றார் கிரேன்காரர் நண்பரிடம். "நீ கீழ. பழையபடி."

சிக்னல்காரர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துச் சுழற்றினார். கண்ணில் ஒரு குறும்பு மின்னியது; வாய் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ மேல இருப்பே. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா திங்கட்கிழமை கீழ நான் இருக்க மாட்டேன்டா."

கிரேன்காரரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன்?"

சிக்னல்காரர் அண்ணாந்து கிரேனைப் பார்த்தார்.

டீச்சர் மறுபடி எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு.